கார் மிஸ் அடிக்கிறது: முதலில் எதற்குப் பணம் கொடுப்பது?

திண்டிவனம் தாண்டிச் சென்னைப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். மாமாதான் ஓட்டினார். ஒரு மேம்பாலம் ஏறும்போது வண்டி திடீரென்று உதறியது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உதறல்தான் கூடியதே தவிர, வண்டி இழுக்கவில்லை. மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "காலை எடுங்க மாமா, மெதுவா போகலாம்" என்றேன். காலை எடுத்ததும் விளக்கு விட்டு விட்டு எரிவது நின்று, அப்படியே நிலையாக எரிந்தது. பரனூர் டோலில் வரிசையில் நின்றபோது ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாம் சேர்ந்து நடுங்கின.

2016 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். நாலு காயில், நாலு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், லேபர் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் எஸ்டிமேட். (பிளக் சிலிண்டருக்குள் தீப்பொறி போடும், காயில் அதற்கு உயர் வோல்ட் கொடுக்கும், இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும், த்ராட்டில் பாடி உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும்.) இன்னொரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டார். "முதல்ல பிளக் மட்டும் மாத்திப் பார்க்கலாம் சார், அதுல போகலேன்னா காயில் பார்க்கலாம்" என்றாராம். மாமா என்னிடம் வந்து, "எதைப்பா பண்றது?" என்றார்.

இது மாமாவுக்கு மட்டும் வருகிற கேள்வி இல்லை. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியவேண்டிய முறையில் எரியாமல் போவதைத்தான் மிஸ் அடிக்கிறது, மிஸ்ஸிங் என்கிறோம். மிஸ்ஸிங் என்று வண்டியைக் கொண்டுபோனால் நமக்கு முன்னால் வைக்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தான். ஒன்று, எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுவது. இன்னொன்று, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: எந்த சிலிண்டர், எதனால் என்று சோதித்துவிட்டு அதை மட்டும் மாற்றுவது. இந்த மூன்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பெட்ரோல் கார்களை வைத்தே எழுதுகிறேன். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அங்கே தேடவேண்டிய இடம் வேறு.

எப்போது வண்டியை ஓரங்கட்ட வேண்டும்

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். விட்டு விட்டு எரிந்தால் அது வேறு செய்தி. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று என்ஜினின் கம்ப்யூட்டர் எச்சரிக்கிறது. அந்தக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் அமைப்பு இருக்கும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். உள்ளே சூடு எல்லை மீறினால் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். இரண்டாயிரம் ரூபாய் காயிலில் முடியவேண்டிய வேலை பல பத்தாயிரத்தில் போய் நிற்பது இப்படித்தான். ஆகவே விட்டு விட்டு எரிகிறதா, காலை எடுங்கள், ஓரங்கட்டுங்கள். காலை எடுத்த பிறகும் நிற்கவில்லை என்றால் டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு.

அதே போல, லைட் வந்தவுடன் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லைட் போகும், உண்மைதான். அதோடு சேர்ந்து, பழுது வந்த நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு லோடில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்பும் அழிந்துவிடும். காசில்லாமல் கிடைத்த சாட்சி அது.

மூன்று வழிகள்

மொத்தமாக மாற்றும் வழியை நான் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, பிளக்கும் காயிலும் கம்பெனியிலிருந்து வந்ததே இன்னும் இருக்கின்றன, நாளைக் கழித்து குடும்பத்தோடு நீண்ட பயணம் என்றால் அப்படிச் செய்வதில் நியாயம் இருக்கிறது. பணத்தைக் கொடுத்து நேரத்தையும் நிம்மதியையும் வாங்குகிறோம். ஆனால் காரணம் காயிலிலோ பிளக்கிலோ இல்லையென்றால் பதினெட்டாயிரம் போன பிறகும் வண்டி உதறிக்கொண்டுதான் இருக்கும். அதைவிட மோசம், காயில் கெட்டதற்குப் பின்னால் வேறொரு காரணம் இருந்தால் புதுக் காயிலும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும்.

மாற்றிப் பார்க்கும் வழி பார்வைக்குச் சிக்கனம். பிளக் மாற்றும் கெடு எப்படியும் தாண்டியிருந்தால் அந்தச் செலவு வீண் இல்லை, அந்த ஒரு நிலையில் மட்டும் இதை ஏற்கலாம். சாதா நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை வரும். இரிடியம் பிளக் பல வண்டிகளில் ஒரு லட்சம் வரை வரும். உங்கள் வண்டிக்கு எது, எத்தனை கிலோமீட்டர் என்பது கையேட்டில் இருக்கும். ஆனால் பிளக்குக்கு அப்புறம் காயில், காயிலுக்கு அப்புறம் இன்ஜெக்டர், இன்ஜெக்டருக்கு அப்புறம் சென்சார் என்று போக ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் லேபர், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வண்டி இல்லை. கடைசியில் கூட்டிப் பார்த்தால் மொத்தமாக மாற்றியதையே தாண்டியிருக்கும்.

மூன்றாவது வழிக்குத் தேவை ஒரு ஸ்கேனர், ஒரு மணி நேரம், கொஞ்சம் பொறுமை. என்ஜினின் கம்ப்யூட்டர் பழுதைத் தானே கண்டு ஒரு கோட் நம்பராகச் சொல்லும் ஏற்பாட்டுக்கு ஓபிடி-2 என்று பெயர். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து அது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் மாட்டிப் போனில் பார்க்கும் சின்ன புளூடூத் ஸ்கேனர்கள் மலிவாகவே கிடைக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் பக்கத்து மெக்கானிக்கிடம் ஸ்கேன் மட்டும் போடச் சொல்லி, கோட் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளலாம். "கோட் என்ன வந்துச்சுண்ணே, நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்க யாரும் தயங்க வேண்டாம்.

கோட் சொல்வது, சொல்லாதது

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 என்றால் இரண்டாவதில், இப்படியே போகும். பி0300 என்றால் ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி வருகிறது என்று அர்த்தம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த நேரத்தில் கிராங்க் ஒரு நூல் தளர்கிறது. யாருடைய முறை அப்போது என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் சிலிண்டர் நம்பரைச் சொல்கிறது. ஐடிலில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, 800 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும். ஒன்று செத்துவிட்டால் நொடிக்கு ஆறேழு தடவை அந்த இடம் வெறுமையாகப் போகும். டோலில் மாமா கையில் உணர்ந்த நடுக்கம் அதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, கோட் சிலிண்டரைத்தான் சொல்கிறது, சாமானைச் சொல்லவில்லை. பி0303 வந்துவிட்டது, மூன்றாம் காயிலை மாற்று என்று குதிப்பதும் ஊகம்தான். அந்த சிலிண்டரில் தீப்பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா, அழுத்தம் இல்லையா என்று மூன்று கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

தீப்பொறிக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. இன்றைய கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனிக் காயில் இருக்கும். என்ஜினை அணைத்து ஆறவிட்டு, சந்தேகப்படும் காயிலையும் நல்ல சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். எழுதாமல் குழம்பினவர்கள் நிறையப் பேர். ஸ்கேனரில் பழைய கோட் நம்பரை அழித்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், ஒரு மேம்பாலமாவது ஏறட்டும். கோட் காயிலோடு கூடவே இடம் மாறினால் காயில் குற்றவாளி. மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால், அடுத்துப் பிளக்கை இடம் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. மாற்றினால் எது என்று தெரியாது, மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.

பழைய மெக்கானிக்குகள் ஓடும் என்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது சரி. இப்போதைய காயில் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் என்று கொடுக்கிறது. ஷாக் ஒரு பக்கம், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போவது இன்னொரு பக்கம். இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம்.

பிளக் வயர் உள்ள கொஞ்சம் பழைய நாலு சிலிண்டர் வண்டி என்றால் இன்னொரு குறிப்பு. அவற்றில் பலவற்றில் ஒரே காயில் 1, 4 இரண்டுக்கும் பொறி கொடுக்கும், இன்னொன்று 2, 3 இரண்டுக்கும். 1-ம் 4-ம் சேர்ந்து மிஸ் ஆனால் பிளக்கைத் தேடாமல் நேராகக் காயில் பேக்கைப் பாருங்கள்.

மாமா காரின் மூன்றாம் குழி

மாமாவின் வண்டியில் வந்த கோட் பி0303. மூன்றாவது காயிலின் போல்ட்டைக் கழற்றி மெல்ல மேலே இழுத்தேன். வரும்போதே ஒரு பிசுபிசுப்பு. காயிலின் நுனியில் இருக்கும் ரப்பர் பூட் உப்பிப்போய், விரலால் அழுத்தினால் பழைய அழிரப்பர் மாதிரி நொதநொதவென்று இருந்தது. டார்ச் அடித்துப் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் பார்த்தால், பிளக்கின் அறுகோணம் பாதி எண்ணெயில் முங்கி மினுங்கியது. அந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினோம். வெள்ளைப் பீங்கானின் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்பு இழை. மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கி ஓடிய தடம் அது.

காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டினோம், பி0302 வந்தது. காயில் போய்விட்டது உறுதி. ஆனால் உண்மையான பழுது காயில் இல்லை, டேப்பட் கவர் பேக்கிங், அதாவது என்ஜினின் மேல் மூடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர். அதோடு சேர்ந்த பிளக் குழியின் வட்ட சீல் இறுகிப்போய் என்ஜின் ஆயிலைக் குழிக்குள் விட்டிருக்கிறது, ஆயில் ரப்பரைக் கெடுத்திருக்கிறது, ரப்பர் கெட்டதும் பொறி வழிமாறியிருக்கிறது. 18,500 ரூபாய் எஸ்டிமேட்டில் பேக்கிங் என்ற சொல்லே இல்லை. நாலு புதுக் காயில் போட்டிருந்தாலும் மூன்றாம் குழியில் மறுபடி ஆயில் இறங்கியிருக்கும். பிளக் மட்டும் மாற்றியிருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

ஆன செலவு: காயில் ஒன்று 2,400, பிளக் நாலு 720, பேக்கிங் செட் 850, லேபர் 900. மொத்தம் 4,870 ரூபாய்.

பிளக்கை மட்டும் ஏன் நாலும் மாற்றினோம் என்று கேட்கலாம். பிளக்குகள் ஒரே சீராகத் தேய்பவை. ஒன்று புதிது, மூன்று பழையது என்று ஓட்டுவதில் லாபமில்லை. காயில் அப்படியில்லை, ஒன்று போனதால் மற்றது நாளைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு காயிலை மாற்றிவிட்டு, சிறிது நாளில் இரண்டாவதும் போனால் அப்போது மீதியையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தேய்ந்த பிளக்கை அப்படியே விட்டுவிட்டுக் காயில் மட்டும் மாற்றவே கூடாது. தேயத் தேய இடைவெளி கூடும், அதைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அந்தச் சுமை முழுக்கப் புதுக் காயில் தலையில் விழும்.

காயிலைப் பழைய சாமானாக வாங்கலாமா என்று மாமா கேட்டார். சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கதவு, லைட், பம்பர் என்று தேடி வாங்கியிருக்கிறோம், நன்றாகவே இருந்தன. காயில் விஷயத்தில் நான் வேண்டாம் என்பேன். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் இன்சுலேஷன் எவ்வளவு வெந்திருக்கிறது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. சூடானால் மட்டும் மிஸ் ஆகும் காயில்கள் உண்டு, கடையில் சோதித்தால் நன்றாகவே பொறி கொடுக்கும்.

காயிலும் பிளக்கும் இல்லையென்றால்

இடம் மாற்றிப் பார்த்தும் கோட் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அதன் வயர், அழுத்தம் என்று அடுத்த கட்டம். வயரை முதலில் பாருங்கள். கார் நாலு நாள் ஒரே இடத்தில் நின்றிருந்தால் எலி கடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் ஊரில் இது சாதாரணம். டேப் சுற்றிய இடத்துக்கு உள்ளேகூட ஒரு வயர் மட்டும் அறுந்திருக்கும்.

பி0300 வந்து எல்லா சிலிண்டரும் மாறி மாறி மிஸ் ஆனால், காயில்கள் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து கெடாது. பொதுவான ஒரு காரணத்தைத் தேடுங்கள். பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே ஆரம்பித்ததா? தண்ணீர் கலந்திருக்கலாம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரை உள்வாங்கிக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். டேங்கை வடிப்பதுதான் வைத்தியம், பிளக் மாற்றுவது இல்லை. ஐடிலில் மட்டும் உதறி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் எங்கோ ஹோஸ் கிழிந்து காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படலாம். லோடில், ஏற்றத்தில் மட்டும் உதறினால் பொறியின் பக்கம் சாய்வேன், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் பொறி தாண்டுவது கடினம். சிஎன்ஜி போட்ட வண்டியில் இந்தச் சோதனை இன்னும் எளிது. சிஎன்ஜிக்கு அதிக வோல்ட் தேவை, அதனால் பிளக்கோ காயிலோ தளர்ந்தால் முதலில் அங்கேதான் தெரியும். சிஎன்ஜியில் சரியாக ஓடிப் பெட்ரோலில் மட்டும் உதறினால் பெட்ரோல் இன்ஜெக்டரைப் பாருங்கள்.

இன்ஜெக்டர் கிளீனிங்கைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. டேங்கில் ஊற்றும் பாட்டில் லேசான அழுக்குக்கு உதவலாம். அடைத்துப்போன இன்ஜெக்டரைக் காப்பாற்றாது. இன்ஜெக்டரைக் கழற்றி, மிஷினில் வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு ஊற்றுகிறது என்று கண்ணாடிக் குழாயில் காட்டி, கழுவிய பிறகு மறுபடி காட்டுகிற இடத்தில் மட்டும் பணம் கொடுங்கள். நாலு குழாயிலும் ஒரே அளவு நின்றால் பழுது அங்கே இல்லை, கழுவுவதும் வேண்டாம். கழற்றினால் ஓ-ரிங் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் வால்வின் முதுகில் படியும் கார்பனை டேங்கில் ஊற்றும் எந்த மருந்தும் தொடாது, பெட்ரோல் அந்தப் பக்கம் போவதே இல்லை.

கடைசியாக அழுத்தம். இது கொஞ்சம் பயமுறுத்தும் பகுதி, ஆனால் பெரிய செலவுக்குச் சம்மதிக்கும் முன்னால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் இருக்கக் கூடாது. நல்ல பெட்ரோல் என்ஜினில் பெரும்பாலும் 150-லிருந்து 200 பிஎஸ்ஐ வரை வரும். அந்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மூன்று 175, ஒன்று 90 என்றால் விடை கிடைத்துவிட்டது. அந்தக் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் பழுது பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில் அல்லது என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் ஹெட் கேஸ்கெட்டில். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் உதறி, வெள்ளைப் புகை வந்து, பிறகு சரியாகி, கூலண்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

எங்கே கொண்டுபோவது

வாரண்டி இருந்தால் கேள்வியே வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். நீங்களாக எதையும் கழற்றாதீர்கள், பிறகு அதையே காரணம் காட்டுவார்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்றால், ஸ்கேனரும் கம்ப்ரெஷன் கேஜும் வைத்திருக்கிற, கேட்டால் காட்டுகிற பழக்கமான மெக்கானிக் எனக்கு முதல் தேர்வு. கழற்றிய சாமானைத் திருப்பித் தருவாரா என்று வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். தானே செய்ய விரும்புகிறவர்கள் காயில் இடம் மாற்றுவது வரை தைரியமாகப் போகலாம். பிளக் கழற்றுவதென்றால் என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மாட்டும்போது முதல் சில சுற்று கையால் மட்டும், ஒரு ரப்பர் குழாயைப் பிளக் தலையில் செருகிச் சுற்றினால் மரை ஏறாமல் போனால் உடனே தெரிந்துவிடும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அந்த வேலை காயிலைவிடப் பெரிய செலவு. அப்புறம், சூடான என்ஜினில் இன்ஜெக்டர் ரெயிலை நீங்கள் தொட வேண்டாம், உள்ளே பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கிறது.

மாமாவின் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் காயிலை மட்டும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். குழி காய்ந்து கிடந்தது, புதுப் பிளக்கின் பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. "மூடுப்பா" என்றார் மாமா.